எடை குறைக்க எந்த வழி? மனநிலையையும் சேர்த்து ஓர் ஒப்பீடு

எடை குறைக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் வழிகளை ஒப்பிடும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எதில் சீக்கிரம் குறையும்? இதற்கு ஆராய்ச்சி தரும் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 160 பேரைப் பிரபலமான நான்கு டயட் முறைகளுக்குப் பிரித்துவிட்டார்கள். ஓராண்டு கழித்து எடை பார்த்தபோது நான்கு குழுக்களுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எந்த முறை என்பதைவிட, எடுத்த முறையை எவ்வளவு விடாமல் பின்பற்றினார்கள் என்பதுதான் எடையில் தெரிந்தது. 2018-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரிடம் நடத்திய ஆய்வும் கிட்டத்தட்ட இதையே காட்டியது. கொழுப்பைக் குறைத்தவர்கள் ஓராண்டில் சராசரியாக 5.3 கிலோ குறைந்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ.

எடையில் இவ்வளவு நெருங்கி வரும் வழிகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேறு அளவுகோல் வேண்டும். என்னைக் கேட்டால் அது மனநிலைதான். இந்த வழியில் மூன்று மாதம் போனபிறகு என் தூக்கம் எப்படி இருக்கும்? கோபம் எப்படி இருக்கும்? நெஞ்சு படபடப்பு கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? நாலு பேரோடு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட முடியுமா? பதற்றமோ மனச்சோர்வோ முன்பு வந்து போனவர்கள் இதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மனம் கெட்டால் எந்த டயட்டும் நிலைக்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று, சில கிலோ கூடுதலாக இருந்துகொண்டு நல்லபடியாக வாழ்ந்துவிடலாம். நாள் முழுக்கப் பதறிக்கொண்டே வாழ்வது அப்படியல்ல.

பட்டினி மனதை என்ன செய்கிறது

இந்த விஷயத்தில் இன்றும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-ல் தொடங்கிய பரிசோதனையைத்தான். உடலியல் ஆராய்ச்சியாளர் ஆன்செல் கீஸ் தலைமையில் நடந்தது. போரில் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் நன்றாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதம் அவர்களுடைய சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். எடை நாலில் ஒரு பங்கு போயிற்று.

அவர்கள் உடல் மெலிந்ததில் ஆச்சரியம் இல்லை. மனதில் நடந்ததுதான் யாரும் அந்த அளவுக்கு எதிர்பார்க்காதது. கலகலப்பாக இருந்தவர்கள் சிடுசிடுப்பாக மாறினார்கள். சோர்வு, பதற்றம், எதிலும் பிடிப்பில்லாமை. நண்பர்களைத் தவிர்த்தார்கள். காம உணர்வு வற்றிப்போனது. சமையலில் அதுவரை அக்கறையே இல்லாதவர்கள் சமையல் குறிப்புகளை விழுந்து விழுந்து படித்தார்கள். கொஞ்ச நேரத்தில் முடியக்கூடிய சாப்பாட்டை இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். கவனம் நிற்கவில்லை என்று புகார் சொன்னார்கள். ஒருவர் கோடரியால் தன் விரல்களையே வெட்டிக்கொள்ளும் அளவுக்குப் போனார். சாப்பாட்டைத் திரும்பக் கூட்டிய உடனே மனம் சரியாகிவிடவும் இல்லை. சிலருக்கு அந்த மாதங்களில் இன்னும் மோசமாயிற்று. வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர்களும் உண்டு.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான். டயட் இருக்கும்போது எரிந்து விழுகிறவர், எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருக்கிறவர், மன உறுதி இல்லாதவர் அல்ல. நல்ல மனநலம் உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுத்த ஆட்களுக்கே அது நடந்திருக்கிறது. சாப்பாடு போதாத மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும்.

இது எப்படி நடக்கிறது என்பதற்குச் சில துண்டு விடைகள் கிடைத்திருக்கின்றன. நமக்குத் தெம்பான மனநிலையைத் தருவதில் பங்குள்ள செரோட்டோனினை மூளை தயாரிக்க டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் வேண்டும். அது சாப்பாட்டிலிருந்து மட்டுமே வரும். ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியமானவர்களைச் சில வாரம் குறைந்த கலோரியில் வைத்துப் பார்த்தபோது ரத்தத்தில் டிரிப்டோஃபான் குறைந்தது. பெண்களுக்கு மட்டும் மூளையின் செரோட்டோனின் செயல்பாட்டிலும் மாற்றம் தெரிந்தது. மனச்சோர்விலிருந்து மீண்ட பெண்களுக்கு டிரிப்டோஃபான் மட்டும் இல்லாத ஒரு பானத்தைக் கொடுத்தபோது பலருக்குச் சில மணி நேரத்தில் பழைய அறிகுறிகள் எட்டிப் பார்த்தன. அதனால்தான் மனச்சோர்வு ஒருமுறை வந்தவர்களைத் தனியாகச் சொல்கிறேன். அவர்களுக்கு இந்த விஷயத்தில் தாங்கும் வரம்பு குறைவு.

அப்புறம் அட்ரினலின். சாப்பிடாமல் நேரம் போகும்போது ரத்தச் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடாமல் இருக்க உடல் அட்ரினலின், கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன்களை வெளியிடும். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை. பதற்றம் தாக்கும்போது வருவதும் இதே அறிகுறிகள்தான். அப்படி ஒரு தாக்குதல் முன்பு வந்த ஒருவருக்கு வெறும் வயிற்றில் நெஞ்சு படபடத்தால், அது பசி என்று தோன்றாது. திரும்ப ஆரம்பித்துவிட்டது என்று பயம் வரும், பயம் படபடப்பைக் கூட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அமெரிக்காவில் உடல் பருமன் இல்லாதவர்களை இரண்டு ஆண்டுகள் கலோரியைக் குறைக்க வைத்த ஒரு பெரிய ஆய்வில் மனநிலை கெடவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் மேம்பட்டது. அதன் முடிவுகள் 2016-ல் வெளியாயின. ஆனால் 25 சதவீதம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் உண்மையில் குறைத்தது சராசரியாக 12 சதவீதம்தான். கூடவே இருந்து வழிகாட்ட ஆட்கள் இருந்தார்கள். மனநலப் பிரச்சினை உள்ளவர்களைத் தொடக்கத்திலேயே சேர்க்கவில்லை. ஆக, சாப்பாட்டைக் குறைப்பது எல்லோருடைய மனதையும் கெடுக்கும் என்று சொல்ல முடியாது. எவ்வளவு, எவ்வளவு வேகமாக, யாருடைய துணையோடு, எந்த மனநிலையில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. வழிகளை ஒப்பிடும்போது இந்த நாலையும் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

கலோரியை எண்ணிக் கறாராகச் சாப்பிடுவது

செயலியில் ஒவ்வொரு கவளத்தையும் பதிந்து, ஓர் எண்ணைத் தாண்டாமல் இருப்பது இந்த வழி. இதன் பலம் தெளிவு. எதை எவ்வளவு சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் இருந்தவருக்கு ஒன்றிரண்டு வாரம் எழுதிப் பார்ப்பது நிச்சயம் கண்ணைத் திறக்கும்.

பதற்றக்காரர்களுக்கு இதைவிட மோசமான வழி இல்லை என்பது என் எண்ணம். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் 121 பெண்களைப் பிரித்து, சிலரை மூன்று வாரம் நாளுக்கு 1,200 கலோரியில் வைத்தார்கள், சிலரைக் கலோரியை எழுத மட்டும் சொன்னார்கள். குறைத்தவர்களுக்குக் கார்டிசால் உயர்ந்தது. எழுதியவர்களுக்கு மன அழுத்தம் கூடியதாக உணர்வு. அதாவது சாப்பாட்டைக் குறைக்காமல், கணக்கு மட்டும் பார்த்தாலும் ஒரு சுமை ஏறுகிறது. எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் சுபாவம் உள்ளவருக்கு இன்னொரு சரிபார்க்கும் வேலையைக் கையில் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

இதில் இன்னொரு சிக்கல், ஒரு சின்ன மீறலுக்குப் பிறகு வரும் சரிவு. 1975-ல் நடந்த ஒரு பரிசோதனையில், ஐஸ்கிரீம் ருசி பார்க்கச் சொல்வதற்கு முன் சிலருக்கு மில்க்‌ஷேக் கொடுத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்தபிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். டயட்டில் இருந்தவர்களோ மில்க்‌ஷேக் குடித்தபிறகு இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். ‘இன்னைக்குக் கெட்டுப்போச்சு, நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்ற எண்ணம் இது. அன்று இரவு குற்ற உணர்வு, மறுநாள் இன்னும் கறாரான கட்டுப்பாடு, அப்புறம் இன்னொரு சரிவு. இந்தச் சுழலில் கெடுவது எடை மட்டுமல்ல, தன்மேல் உள்ள மதிப்பும்தான்.

ஒரு வகை உணவை முழுதாக ஒதுக்குவது

இதில் அதிகம் பேர் எடுப்பது மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் வழி. எண்ண வேண்டியதில்லை, பசி கொஞ்சம் அடங்குகிறது, முதல் வாரத்தில் நீர் இறங்கி எடை சட்டென்று குறைவதால் உற்சாகம் வருகிறது. அந்த முதல் வாரத்திலேயே பலருக்குத் தலைவலி, களைப்பு, எரிச்சலும் வரும்.

நீண்ட காலத்தில் மனநிலை எப்படி என்பதை ஆஸ்திரேலியாவில் 106 பேரிடம் ஓராண்டு பார்த்தார்கள். ஒரு குழு மாவுச்சத்தைக் குறைத்தது, இன்னொன்று கொழுப்பைக் குறைத்தது. கலோரி இரண்டுக்கும் ஒன்றே. எடைக் குறைவும் ஏறக்குறைய ஒன்றே. முதல் எட்டு வாரத்தில் இரு குழுக்களுக்கும் மனநிலை மேம்பட்டது. ஓராண்டு முடிவில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு அந்த மேம்பாடு நிலைத்தது, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு அது தேய்ந்து பழைய நிலைக்கே வந்துவிட்டது. காரணம் மூளை வேதியியலா, பிறரோடு சேர்ந்து சாப்பிட முடியாத அலுப்பா என்று அந்த ஒரு ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டாவதற்கும் பங்கு இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. விருந்துக்கு அழைத்தால் என்ன சொல்லித் தப்பிப்பது என்று யோசிக்கத் தொடங்கும்போது ஒருவர் மெதுவாகத் தனிமைப்படுகிறார். கூட்டத்தைக் கண்டாலே பதறுகிறவர்களுக்கு ஒதுங்கிக்கொள்ள அது வசதியான சாக்காகவும் ஆகிவிடும், பதற்றம் வேர்விடும்.

மற்ற வகைகளை ஒதுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனித்தால் போதும். விலங்குணவையும் பாலையும் முழுதாக விட்டால் வைட்டமின் பி12 மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ கட்டாயம் வேண்டும். அது குறைந்தால் மனச்சோர்வும் மறதியும் வரும். சேமிப்பு தீர ஆண்டுகள் ஆகும் என்பதால் காரணம் டயட் என்றே அப்போது தோன்றாது.

நேரத்தைக் குறுக்கிச் சாப்பிடுவது

எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு, மீதி பதினாறு மணி நேரம் ஒன்றுமில்லை. எளிமையான விதி. முடிவெடுக்க வேண்டிய தருணங்கள் குறைவு, எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. இரவு நேர நொறுக்குத்தீனி ஒன்றுதான் பிரச்சினை என்றால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றுமில்லை என்ற சின்ன விதியே அவருக்குப் போதுமானதாக இருக்கலாம்.

ஆனால் எடையில் இதற்குத் தனிச் சிறப்பு இல்லை. 2022-ல் வெளியான ஓராண்டு ஆய்வில், கலோரியைக் குறைத்ததோடு நேரத்தையும் குறுக்கியவர்கள், கலோரியை மட்டும் குறைத்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகக் குறையவில்லை. மனநிலைப் பக்கம் 2016-ல் லண்டனில் 52 பெண்களிடம் செய்த ஓர் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. 18 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தபோது அவர்களுக்கு எரிச்சல் கூடியது. அதே நேரத்தில் சாதித்துவிட்டோம், நம் கட்டுப்பாட்டில் இருக்கிறோம் என்ற பெருமிதமும் வந்தது. அந்தப் பெருமிதத்தைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். வாழ்க்கையில் எதுவும் தன் கையில் இல்லை என்று தவிக்கிறவருக்குப் பசியை வெல்வது ஒரு மருந்துபோல் வேலை செய்யும். உண்ணுதல் சார்ந்த மனநோய்கள் பலருக்கு இந்த நிம்மதியின் வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

நடைமுறையில் இன்னொன்று: வெறும் வயிற்றைச் சமாளிக்க நிறையப் பேர் காபியைக் கூட்டுகிறார்கள். பதற்றம் உள்ளவர்களுக்குக் காஃபின் அதை நேரடியாகக் கூட்டும். உண்ணாமையால் வரும் படபடப்பும் காபியால் வரும் படபடப்பும் ஒன்றுசேர்ந்தால் எது எது என்று பிரிக்கவே முடியாது.

மிகக் குறைந்த கலோரிப் பானங்கள்

நாளுக்கு 850 கலோரி அளவில் பானங்களும் சூப்புகளும் மட்டும். பிரிட்டனில் 2017-ல் வெளியான ஆய்வில் இதன் மூலம் இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் நோய் பின்வாங்கியது. உண்மையிலேயே பெரிய பலன். ஆனால் அது மருத்துவக் குழு மருந்துகளை மாற்றி அமைத்து, மூன்று முதல் ஐந்து மாதம் கண்காணித்து நடத்தியது. தனியாக வீட்டில் செய்ய இது வழியே அல்ல.

சேர்ப்பதில் தொடங்குவது

மனநிலைக்கு உணவு நல்லது செய்ய முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று 2017-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஃபெலிஸ் ஜாக்கா என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வு உள்ள 67 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு 12 வாரம் உணவியல் நிபுணரின் உதவி: காய்கறி, பழம், முழுத்தானியம், பருப்பு வகைகள், மீன், கொட்டைகள் என்று சேர்க்கச் சொன்னார்கள், இனிப்பையும் பொரித்ததையும் குறைக்கச் சொன்னார்கள். கலோரிக் கட்டுப்பாடு கிடையாது, எடைக் குறைப்பு நோக்கமே கிடையாது. மறு பாதிக்கு அதே அளவு நேரம் பேச்சுத்துணை. 12 வாரத்தில் உணவுக் குழுவில் 32 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அடங்கியது, மற்றதில் 8 சதவீதம். சின்ன ஆய்வு, எந்தக் குழுவில் இருக்கிறோம் என்று பங்கேற்றவர்களுக்குத் தெரியும், ஆகவே அதன் எண்களைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ஆனால் திசை சரியான திசை.

பதற்றமோ மனச்சோர்வோ வரக்கூடியவர் எடையும் குறைக்க விரும்பினால் நான் சொல்வது இந்த வழியைத்தான். ஒவ்வொரு வேளையிலும் புரதமும் நார்ச்சத்தும் முதலில் வரட்டும். வேளை தவற வேண்டாம். மூணு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது உள்ளே போகட்டும். எதையும் தடை செய்ய வேண்டாம், இனிப்பு உட்பட. அளவைக் கொஞ்சமாகக் குறைக்கலாம், இரவு பசியோடு படுக்கும் அளவுக்கு வேண்டாம். கூடவே நடை, நீச்சல், எது பிடிக்கிறதோ அது. உடற்பயிற்சி பதற்றத்தைக் குறைக்கும் என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது, எடை குறைந்தாலும் குறையாவிட்டாலும்.

இதன் குறை வேகம். முதல் மாதத்தில் யாரிடமும் காட்டிக்கொள்ள ஒன்றும் இருக்காது. சிலருக்கு எடை நினைத்த அளவு குறையவே குறையாது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஒரு நிகழ்ச்சிக்குள் இத்தனை கிலோ என்று நாள் குறித்திருப்பவருக்கு இது பொருந்தாது. அப்படி நாள் குறிப்பதே மனதுக்குப் பாரம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இப்போதைக்கு எடையைத் தொடாமல் இருப்பது

ஒப்பீடுகளில் இந்த வழியை யாரும் எழுதுவதில்லை, எழுத வேண்டும். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், தினமும் பதறிக்கொண்டிருக்கும் நேரத்தில் டயட் தொடங்குவதைவிட, முதலில் மனதுக்குச் சிகிச்சை எடுப்பது நல்லது. சில மாதம் எடை அப்படியே இருக்கட்டும். முன்பு உண்ணுதல் சார்ந்த மனநோய் இருந்தவர்களுக்கு இது ஒன்றுதான் வழி, மற்றவை எதையும் மருத்துவரின் துணையின்றித் தொடக் கூடாது. வளரும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். 1999-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், கடுமையாக டயட் இருந்த பதின்பருவப் பெண்களுக்கு, டயட்டே இல்லாதவர்களைவிட உண்ணுதல் சார்ந்த மனநோய் வரும் வாய்ப்பு 18 மடங்கு. மிதமாக டயட் இருந்தவர்களுக்கே 5 மடங்கு. பிள்ளையின் எடையைப் பற்றி வீட்டில் கேலியாகப் பேசுகிறவர்கள் இந்த எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிலருக்கு எடை கூடியதே மனநல மருந்தால்தான். அது உண்மையான வேதனை, அதை அலட்சியப்படுத்தும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் மருந்தைத் தானாக நிறுத்திவிட்டு டயட் இருப்பது இரட்டை ஆபத்து. எடை கூடுவது எனக்குத் தாங்க முடியவில்லை, மாற்று மருந்து இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

எந்த வழியை எடுத்தாலும்

முதல் சில வாரங்களுக்கு எடையை எழுதாமல் வேறு சிலவற்றைக் கவனியுங்கள்: எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, யார்மேல் காரணமில்லாமல் பாய்ந்தீர்கள், படித்தது மனதில் நிற்கிறதா, ஒரு நாளில் சாப்பாட்டைப் பற்றிய யோசனை எவ்வளவு நேரத்தைத் தின்கிறது, யாருடைய அழைப்பைத் தட்டிக் கழித்தீர்கள். கூட இருப்பவர் ஒருவரிடம், நான் மாறினால் சொல் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எரிச்சல் பெரும்பாலும் அடுத்தவருக்குத்தான் முதலில் தெரியும். இவை தொடர்ந்து மோசமானால் கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள். சாப்பாட்டை ஒழுங்காக்கிய பிறகும் மனம் திரும்பவில்லை என்றால், ரகசியமாக அள்ளிச் சாப்பிடுவதோ சாப்பிட்டதை வெளியேற்றுவதோ தொடங்கினால், மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம், அன்றே யாரிடமாவது சொல்லி உதவி எடுங்கள்.

மருந்து எடுப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் வேளையைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், அதன் அறிகுறிகளைப் பதற்றம் என்று நினைத்துப் படுத்துவிடக் கூடாது. மனநிலையின் பெரிய ஏற்ற இறக்கங்களுக்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்கள் உப்பையோ தண்ணீரையோ திடீரென்று குறைத்தால் ரத்தத்தில் லித்தியம் விஷ அளவுக்கு ஏறலாம். மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தும்போதும் முதல் நாட்களில் உப்பும் நீரும் உடலிலிருந்து நிறைய வெளியேறும். அதனால் எந்த டயட்டாக இருந்தாலும் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லி, லித்தியம் அளவை எப்போது சோதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.